லினக்ஸ் நிறுவும்போதே யூஎஸ்பி மோடத்தை இயக்கிப் பார்த்த அனுபவம்

கேபிளும் வைஃபையும் இல்லாத இடத்தில், சிம் போட்டு இணையம் பெறும் யூஎஸ்பி டாங்கிளை (சிறிய மோடத்தை) மட்டும் நம்பி லினக்ஸை நிறுவ முடியுமா என்பதை ஒரு பழைய மடிக்கணினியில் சோதித்தேன். கையில் இருந்தது ஹூவாவே இ173 டாங்கிள். முதலில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நெட்இன்ஸ்ட் வட்டைப் போட்டேன்; தேவையான மென்பொருள்களை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் வட்டு அது. அதன் நிறுவி (இன்ஸ்டாலர்) ஈதர்நெட்டையும் வைஃபையையும்தான் தேடுகிறது என்பதால் டாங்கிளைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கக்கூடிய லினக்ஸ் மின்ட்டின் லைவ் யூஎஸ்பிக்கு மாறினேன்.

கண்டறிதல் எப்படி நடக்கிறது என்பதை அங்கே படிப்படியாகப் பார்க்க முடிந்தது. டாங்கிளைச் செருகியவுடன், யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை 12டி1:1446 என்ற அடையாள எண்ணைக் காட்டியது. விண்டோஸுக்கான மென்பொருளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் இந்த வகை டாங்கிள், தொடக்கத்தில் சிடி டிரைவாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் யூடெவ் (செருகப்படும் கருவிகளைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி) விதியொன்று யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற நிரலை இயக்க, அது அனுப்பிய கட்டளையால் டாங்கிள் மோடமாக மாறி, எண்ணும் 12டி1:1436 ஆனது. பிறகு ஆப்ஷன் என்ற டிரைவர் டிடிஒய்யூஎஸ்பி0 முதல் 2 வரை மூன்று போர்ட்டுகளை உருவாக்கியதை டிமெசெக் என்ற கெர்னல் பதிவில் கண்டேன். அவற்றில் எதன் வழியாக மோடத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதை, ஏடி கட்டளைகளை (மோடம்களுக்கான பொதுக் கட்டளைகளை) அனுப்பி மோடம்மேனேஜர் என்ற நிரல் கண்டுபிடித்துக்கொள்கிறது.

தொலைபேசி வழியே இணைந்த டயல்-அப் காலத்தில் டபிள்யூவிடயல்கான்ஃப் என்ற நிரல் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். சீரியல் போர்ட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஏடி கட்டளை அனுப்பி, ஓகே என்று பதில் வரும் போர்ட்டை அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கும். சீரியல் போர்ட்டில் இணைத்து வெளியே வைக்கும் மோடம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. வேலையின் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவரிடம் தள்ளிவிட்ட வின்மோடம்கள்தாம் உரிய டிரைவர் இன்றிப் படுத்தி எடுத்தன.

நான் கையால் செய்ய வேண்டியிருந்தது மிகக் குறைவு. நெட்வொர்க் ஐகானில் புதிய மொபைல் பிராட்பேண்ட் இணைப்பைத் தேர்ந்து, நாட்டையும் சிம் நிறுவனத்தையும் காட்டினேன். உடன் வரும் சேவையாளர் பட்டியலிலிருந்து ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயர்) தானாகவே நிரம்பியது. இணைப்பு கிடைத்த பின்னரே நிறுவியைத் தொடங்கினேன். நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தபோது அதே இணைப்பு புதிதாக நிறுவிய லினக்ஸிலும் தயாராக இருந்தது. லைவ் அமர்வில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் கோப்புகளை நிறுவியே நகலெடுத்துவிடுவதுதான் காரணம்.

டெபியன் நெட்இன்ஸ்ட்தான் வேண்டும் என்பவர்கள், டாங்கிளுக்குப் பதிலாக ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி டெதரிங்கில் (ஃபோனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் வசதியில்) இணைத்துக்கொள்ளலாம். அது நெட்வொர்க் கார்டாகவே தெரிவதால், டிஎச்சிபி வழியே தானாக முகவரியைப் பெற்றுக்கொண்டு நிறுவி தன் வழக்கமான பாதையிலேயே செல்லும்.