மூன்றாவது விலை

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவர் உணவகத்தை எல்லாரும் மென்சா என்றே சொல்வார்கள். அங்கே ஒவ்வோர் உணவுக்கும் மூன்று விலைகள் எழுதியிருக்கும்: மாணவருக்குக் குறைந்த விலை, பணியாளருக்குச் சற்றுக் கூடுதல், விருந்தினருக்கு எல்லாவற்றிலும் அதிகம். கோயம்புத்தூரில் முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் இருந்த நான், 2023 அக்டோபரில் வருகை ஆய்வு மாணவனாக ஆறு மாதத்திற்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது, முதல் நாள் மதியமே கல்லாவில் இருந்த அம்மையார் இந்த மூவரில் நான் யார் என்று கேட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை பெறாததால் நான் மாணவன் அல்லன். அங்கே சம்பளம் வாங்காததால் பணியாளனும் அல்லன். மூன்றாவது விலையைக் கொடுத்தேன். விருந்தினரிடம் அதிகம் வாங்குகிற ஊரும் இருக்கிறதே என்று மனத்திற்குள் சிரித்துக்கொண்டாலும், அந்தக் கேள்வி அடுத்த ஆறு மாதமும் வெவ்வேறு மேசைகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

குடியேறிய இரண்டு வாரத்திற்குள் முகவரியைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இதை ஆன்மெல்டுங் என்பார்கள். பதிவு செய்ய வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். உரிமையாளரோ முன்பணம் வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டும் என்றார். வங்கியில் கணக்குத் தொடங்கப் பதிவுச் சான்று கேட்டார்கள். இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் பத்து நாள் அலைந்தேன். நம் ஊராக இருந்தால் யாரையாவது பிடித்திருப்பேன். மாமாவின் நண்பர் ஒருவர் எந்த அலுவலகத்திலும் இருப்பார். அங்கே பிடிக்க ஆள் இல்லை, டெர்மீன் என்னும் முன்பதிவு நேரம்தான் உண்டு. கடைசியில் எங்கள் ஆய்வுக்குழுவின் செயலர், அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி, வீட்டு உரிமையாளருக்குத் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசி, முன்பணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் செய்தார். ஆளைப் பிடிப்பது அங்கேயும் நடக்கிறது என்று புரிந்தது. பேசி முடித்ததும் அதையும் அவர் ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி உறுதி செய்துகொண்டார் என்பதுதான் வேறுபாடு.

பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நான் இருந்தது நால்வர் பகிர்ந்துகொள்ளும் வீடு என்பதால் என் பங்கு 4.59 யூரோவாக முடிந்தது. அந்த மூவரும் கணக்கைச் சில்லறை வரை சரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சமையலறைச் சுவரில் துப்புரவு முறை அட்டவணை ஒன்று தொங்கியது. அதில் என் பெயர் நான் வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தபோது முதலில் கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், அந்த நாட்டில் என்னை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு கட்டத்திற்குள் போட்டுவைத்த முதல் தாள் அதுதான்.

என் வேலை மண்ணில் உள்ள கார்பனை அளப்பது. நன்றாக உலர்த்தி, மாவுபோல் அரைத்த மண்ணைச் சில மில்லிகிராம் எடுத்து, மிளகு கொள்ளும் அளவே உள்ள வெள்ளீய உறையில் இட்டு, இடுக்கியால் மடித்து உருட்டி, 96 குழிகள் கொண்ட தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். கருவி அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில் எரித்து, வரும் வாயுவில் கார்பனின் கனமான வகையான கார்பன்-13 எவ்வளவு என்று, எடையை வைத்துப் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியால் கணக்கிடும். உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தாலும், விரல் பட்டாலும் அளவு கெட்டுவிடும். ஊரில் இப்படிப்பட்ட கருவிக்கு மாதிரிகளை வேறு நகருக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான். ஆகவே கருவி பக்கத்து அறையிலேயே இருக்கிறது என்றதும் இரவு பகல் பாராமல் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு முதல் வாரமே தவறிற்று. பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்து கையெழுத்திடும் வரை எதையும் தொட விடவில்லை. அதன்பிறகும் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு நான் எடை போட்டுக்கொண்டிருந்தபோது, மறந்துபோன குடையை எடுக்க வந்த ஆய்வகத் தொழில்நுட்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆய்வகத்தில் தனி ஆளாக வேலை செய்யக்கூடாது என்பதை நினைவூட்டிவிட்டு, தம்மைப் போன்ற பணியாளருக்கு ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் 11 மணி நேர ஓய்வு சட்டப்படி கட்டாயம் என்றும் சொன்னார். நான் பணியாளன் இல்லையே என்றேன். விருந்தினராக இருப்பதில் கிடைத்த ஒரே சலுகை அது என்று எண்ணினேன். அவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இரவில் எடை போட்ட அந்த 96-இல் 11 உருண்டைகள் பொருந்தாத அளவுகளைக் காட்டின என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபையராபெண்ட் என்று அவர்கள் வேலை முடிந்த பொழுதுக்கு ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு அதை வாழ்த்தாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வழிகாட்டி கிளம்பும்வரை நாற்காலியை விட்டு எழாமல் பழகிய எனக்கு, ஐந்து மணிக்கு அங்கே என்னை வழிநடத்திய பேராசிரியரே வந்து அந்தச் சொல்லைச் சொன்னபோது, அது வாழ்த்தா கண்டிப்பா என்று பிரித்தறிய ஒரு மாதம் ஆனது.

அவரை எப்படி அழைப்பது என்பது இன்னொரு சிக்கல். ஜெர்மன் மொழியில் நீ, நீங்கள் என்பதற்கு இணையாக டூ, ஸீ என இரண்டு உண்டு என்பதால் அதைப் புரிந்துகொள்ள ஒரு தமிழனுக்குப் பாடம் தேவையில்லை. வேறுபாடு தெரிந்திருப்பதுதான் தொல்லை. குழுவில் எல்லாரும் டூ தான் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்த பேராசிரியரைப் பெயர் சொல்லி, அதுவும் நீ போட்டு, எப்படி அழைப்பது? ஆங்கிலத்தில் பேசும்வரை சமாளித்தேன். காலை பத்தரை மணிக் காபி மேசையில் ஜெர்மன் பேசும்போது, அவரை விளிக்கவே தேவையில்லாதபடி வாக்கியங்களைச் சுற்றி வளைத்துக் கட்டினேன். ‘காபி வேண்டுமா’ என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் குவளையைப் பார்த்துக் கேட்டதை மற்றவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். ஊர் நேரத்திற்கும் அங்குள்ள நேரத்திற்கும் இடைவெளி மூன்றரை மணியிலிருந்து நாலரையாயிற்று. பழைய கணக்கில் அழைத்த அம்மா, நான் இன்னும் எழாததைக் கேட்டுக் கவலைப்பட்டார். டிசம்பரில் மாலை நாலேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இல்லை. 1919-இன் வைமார் அரசியலமைப்பில் இருந்த ஞாயிறு ஓய்வு இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் தொடர்வதால் அது வெறும் வழக்கம் அன்று. சனிக்கிழமை மாலை அரிசி வாங்க மறந்து, மறுநாள் ரொட்டியோடு முடித்துக்கொண்ட அனுபவம் இரண்டு முறை.

அத்தகைய ஞாயிறுகளில் பழைய மதில்மேட்டு நடைபாதையில் நகரைச் சுற்றிவருவேன். ஒருமுறை நகரக் கல்லறைத் தோட்டம் வரை போனேன். மாக்ஸ் பிளாங்க், ஓட்டோ ஹான், மாக்ஸ் போர்ன் உட்பட நோபல் பரிசு பெற்ற எட்டுப் பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். போர்னின் கல்லில் அவருடைய குவாண்டம் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. சந்தைத் திடலில் 1901-இல் வைத்த வாத்துக்காரச் சிறுமியின் சிலை நிற்கிறது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் நண்பர்கள் இழுக்கும் வண்டியில் வந்து, அதன்மேல் ஏறி, முத்தமிட்டுப் பூங்கொத்து வைப்பார்கள். 1926-இல் அதற்குத் தடை விதித்தும் யாரும் கேட்கவில்லையாம். இத்தனை விதிகள் உள்ள ஊரில் ஒரு விதியையாவது எல்லாரும் சேர்ந்து மீறுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்தவர் குழுவுக்கு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் என்பதும், பிறந்தநாள் கொண்டாடுபவரே கேக் கொண்டுவர வேண்டும் என்பதும், விடைபெறுபவர் மறுபடி கொடுக்க வேண்டும் என்பதும் எங்கும் எழுதப்படாத விதிகள். செயலர்தான் காதோடு சொன்னார். ஆக, மூன்றாவது விலை கொடுத்த விருந்தினனே விருந்தும் வைக்க வேண்டும். முதல் தடவை அடுமனையில் கேக் வாங்கிச் சமாளித்தேன். மார்ச்சில் கிளம்பும்போது ரவா கேசரி செய்தேன். ரவை அங்கே கிரீஸ் என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பாலில் கிளறிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்பதால், முதல் கரண்டியிலேயே பலருக்கும் பாட்டி வீட்டு நினைவு வந்துவிட்டது.

பேராசிரியர் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டு செய்முறை கேட்டார். ரவைக்குத் தண்ணீர் எவ்வளவு, நெய் எவ்வளவு என்றார். பார்த்து ஊற்றுவதுதான் என்றேன். மண்ணை மில்லிகிராமில் நிறுக்கக் கற்றுக்கொண்டு போகிறவன் இப்படிச் சொல்லலாமா என்று தொழில்நுட்பர் கேட்டதும் மேசையே சிரித்தது. அன்றிரவு மிச்சமிருந்த ரவையில் மறுபடி ஒரு பங்கு கிளறி, வீட்டுச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதினேன். மறுநாள் அந்தத் தாளைப் பேராசிரியரிடம் நீட்டி, ‘டூ, நெய்யை மட்டும் குறைத்துவிடாதே’ என்றேன். அவர் அதைப் படித்துப் பார்த்து, கீழே தேதி இல்லை என்றார்.