தலையாட்டியது

“அப்ப இது மறதி நோய் இல்லைன்னு எடுத்துக்கலாமா, டாக்டர்?” மகள் கேட்டது இவ்வளவுதான். நான் தலையாட்டினேன். வாய்திறந்து ஆமாம் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் சமாளித்து வருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 78 வயது, எடை 48 கிலோ. சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு கபாபென்டின் 300 மி.கி., மூன்று வேளை. கிரியாட்டினின் 1.2. பல லேப் ரிப்போர்ட்டுகளில் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறிகூட விழாது. “கிட்னி நார்மல், வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும்” என்று போகிற இடமெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள்.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை கரைந்துபோன உடம்பில் அது உற்பத்தியாவதே குறைவு. அதனால் சிறுநீரகம் பாதி சோர்ந்திருந்தாலும் ரத்தத்தில் பெரிதாக ஏறாது. இதே 1.2 ஒரு 40 வயது ஆணுக்கு இருந்தால், 2021-இல் வந்த சூத்திரப்படி சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 மி.லி. இந்த அம்மாவுக்கு 46. அதுவும் 1.73 சதுர மீட்டர் பரப்புள்ள உடம்புக்குச் சரிசெய்த எண். மருந்தின் அளவைத் தீர்மானிக்கப் பழைய காக்ராஃப்ட்-கால்ட் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 140-இல் வயதைக் கழித்தால் 62. அதை 48 கிலோவால் பெருக்கி, 72 பெருக்கல் 1.2-ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் வருவது 29.

கபாபென்டின் கல்லீரலில் உடையாது. உள்ளே போனது போனபடியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். திறன் 30 முதல் 59 வரை என்றால் நாளுக்கு 1400 மி.கி. வரை கொடுக்கலாம். 15 முதல் 29 வரை என்றால் 700-ஐத் தாண்டக் கூடாது. இவர் எடுத்தது 900. மறுநாள் ரத்தம் எடுத்து கிரியாட்டினின் 1.15 என்று வந்திருந்தால் கணக்கு 30-க்கு மேலே போயிருக்கும், 900-ம் விதிக்குள் வந்திருக்கும். அந்த ஒரு புள்ளியை நம்பியா மருந்தைக் குறைத்தேன்? இல்லை, கையைப் பார்த்துத்தான் குறைத்தேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடித்து வைக்கச் சொன்னேன். சில வினாடிக்கு ஒருமுறை உள்ளங்கை சட்டென்று விழுந்து எழுந்தது. மருந்து உடம்பில் தேங்கினால் இப்படி ஆகும். வீட்டில் தண்ணீர் டம்ளர் நழுவுகிறது என்று சொன்னதற்கும் காரணம் அதுதான். மறதிக்கு வேறு காரணமாகக்கூடிய பி12, தைராய்டு, சோடியம் மூன்றும் சரியாகவே இருந்தன.

மதிய மாத்திரையை முதலில் எடுத்தோம், ஒரு வாரம் கழித்துக் காலை மாத்திரையை. இரவு 300 மட்டும் மிச்சம். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும். மூன்றாவது வாரம் கை உதறல் இல்லை. ஞாபகம், கவனம், திட்டமிடல் எல்லாம் பார்க்கும் மொகா தேர்வில் முதல் தடவை 30-க்கு 17 வாங்கியிருந்தவர், இப்போது 21. முதல் தடவை கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னபோது, முள் ஒன்று 11-க்கும் மற்றொன்று 10-க்கும் போயிருந்தது. காதில் விழுந்த எண்ணை நோக்கிக் கை தானாகப் போய்விட்டது. இரண்டாவது தடவை நீள முள் 2-இல் சரியாக நின்றது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் மகள் கேட்டார். நானும் தலையாட்டினேன்.

21 என்பதும் நல்ல மதிப்பெண் இல்லை. 26-க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான கோடு. அதோடு, இரண்டு தடவையும் ஒரே தாளைத்தான் கொடுத்திருந்தோம். மாற்றுத் தாள்கள் அலமாரியிலேயே இருந்தன. மூன்று வார இடைவெளியில் அதே கேள்விகள் வந்தால் பழக்கத்தினாலேயே ஓரிரு மதிப்பெண் கூடிவிடும். எண், எழுத்து என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்கும் பகுதி இரண்டு தடவையும் தவறு. எனக்கு உறுத்துவது அதுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது திட்டமிடும் திறனும் வேகமும், ஞாபகம் பிறகுதான். பெயரெல்லாம் நினைவிருக்கும், மின்கட்டணம் கட்டும் வரிசைதான் குழம்பும்.

சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 240 மி.கி. 30-ஐத் தாண்டினாலே கசிவு என்று பொருள். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டிலுமே தடை குறைவு, ரத்தம் ஓயாமல் பாயும். பெரிய குழாய்கள் விறைத்துப்போனால் ஒவ்வொரு துடிப்பின் அடியும் நேராக நுண்குழாய்களில் இறங்கும். சிறுநீரகத்தில் அந்தச் சேதத்தைச் சிறுநீரில் அளந்துவிடலாம். மூளையில் அப்படி அளக்க வழியில்லை, எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிந்தால்தான் உண்டு. இவருக்குத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் ‘வயதுக்கேற்ற மாற்றங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை எழுதுகிற பேனாவைப் பிடுங்கிவிடலாம் போலிருக்கும் சில சமயம்.

ஆகவே மருந்துக் குழப்பம் ஒன்று, அடியில் மெல்ல நடக்கும் நுண்குழாய்ச் சேதம் ஒன்று. முதலாவது விலகியதும் இரண்டாவது இல்லை என்பதுபோல் தலையாட்டிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இதையெல்லாம் சொல்லியிருந்தால் மகளுக்குக் கிடைத்திருப்பது ஒரு பயம்தான், அதற்கு மருந்து என்னிடம் இல்லை. இப்படிச் சொல்லும்போதே இது சாக்குதான் என்றும் தெரிகிறது. மருந்து இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை இருந்தனவே.

ரத்த அழுத்தம் உட்கார்ந்தால் 152, எழுந்து மூன்று நிமிடம் நின்றால் 134. எவ்வளவு இறக்குவது? 120-க்குக் கீழே இறக்கிப் பார்த்த ஸ்பிரிண்ட் ஆய்வின் மூளை பற்றிய முடிவுகள் 2019-இல் வந்தன. லேசான அறிவாற்றல் குறைவு ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியா எனும் மறதி நோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல எண்கள் போதவில்லை. தீவிரமாக இறக்கிய குழுவில் சிறுநீரகத் திறன் சற்றுக் கூடுதலாகச் சரிந்தது. அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. இந்த அம்மாவுக்கு அது இரவல் சட்டை. நிற்கும்போது 18 குறைகிறவரை 120-க்குத் தள்ளினால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடையும். 130-க்குப் பக்கத்தில், மெதுவாக, என்று வைத்துக்கொண்டேன்.

மகன் போனில் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டார். அல்சைமருக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் இதில் அளக்கும் பி-டௌ 217 போன்ற புரதங்கள் சிறுநீரகம் தளர்ந்தாலே ரத்தத்தில் ஏறும். தனி எண்ணாகப் பார்த்தால் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். இன்னொரு புரதத்தோடு ஒப்பிட்டு விகிதமாகக் கணக்கிட்டால் இந்தப் பிழை குறைகிறது. அவசரம் வேண்டாம் என்றேன். இதில் எனக்கு வருத்தமில்லை.

ஆறு மாதம் கழித்து வரச் சொன்ன மறுதேர்வுக்கு அவர்கள் வரவில்லை. “டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரே” என்று மகள் சொன்னதாக நர்ஸ் சொன்னார்.

அதன்பின் கால் வீக்கம் என்று வந்தார்கள். எரிச்சல் திரும்பி, இரவெல்லாம் தூக்கமில்லாமல், வேறெங்கோ காட்டியதில் ப்ரீகாபலின் 75 மி.கி. இரண்டு வேளை சேர்ந்திருந்தது. அதுவும் சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறும் மருந்து, கால் வீக்கத்துக்கும் பேர்போனது. அவருடைய திறனுக்கு 150 என்பது மேல் விளிம்பு. ஆனால் இரவு கபாபென்டின் 300-ம் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. வலியைச் சரியாக மாற்றிக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் குறைத்தது நான்தான். தூக்கம் கெட்டாலும் மூளை தடுமாறத்தான் செய்யும்.

“திரும்ப மறதி வருதே டாக்டர், அதே மாத்திரைதானே காரணம்?” என்றார் மகள்.

கிரியாட்டினின் 1.3. கூடவே, சிறுநீரகத் திறனை வேறு வழியில் காட்டும் சிஸ்டாட்டின்-சி ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறேன். அது தசையைச் சார்ந்ததில்லை, தைராய்டு, ஸ்டீராய்டு போன்றவை குழப்பாமல் இருந்தால் போதும். இரண்டு மாத்திரையில் ஒன்றைப் படிப்படியாக விலக்கச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் அதே வேலைதான். மூன்று வாரம் கழித்து வரும்போது கொடுக்க மாற்றுத் தாளை எடுத்து அவர் கோப்புக்குள் வைத்திருக்கிறேன்.