எட்டு பிட்டில் தோடி காந்தாரம்

சிப்டியூன் (பழைய வீடியோ கேம் சிப்பின் ஒலியில் செய்யும் இசை) போட ஆரம்பித்த எல்லோரையும் போல நானும் முதலில் டியூட்டியை, அதாவது அலையின் ஒரு சுற்றில் எத்தனை சதவீதம் மேலே நிற்கிறது என்பதை, மாற்றி மாற்றித்தான் என் ஒலியைத் தேடிக்கொண்டிருந்தேன். 1983-ல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கேம் கருவியோடு வந்த 2ஏ03 சிப்பில் அதற்கு அவ்வளவு இடம் கிடையாது. இரண்டு பல்ஸ் (செவ்வக அலை), ஒரு முக்கோண அலை, ஒரு நாய்ஸ் (இரைச்சல்), பதிவு செய்த ஒலிக்கு ஒரு சாம்பிள் சேனல். பல்ஸுக்கு நாலே நாலு டியூட்டி, அதிலும் 25 சதவீதமும் 75 சதவீதமும் காதுக்கு ஒன்றுதான். இதே நாலை வைத்துத்தான் எல்லோரும் போடுகிறார்கள். எனக்கென்று ஒரு சாயல் வேண்டுமென்றால், ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறேன் என்பதில்தான் அது வர முடியும்.

கோத்தகிரியில் இருந்துகொண்டு இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரிப் பழங்குடியான கோத்தர்கள் விழாவில் ஊதும் குழலைக் கேட்டாலே போதும். கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே ஊதுவதால் ஒலி அறுபடுவதே இல்லை. 12.5 சதவீத டியூட்டி அந்த மெல்லிய, மூக்கடைத்த ஒலிக்குப் பக்கத்தில் வருகிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

இந்தச் சிப்புக்கு இசை எழுதும் ஃபாமிட்ராக்கர் மென்பொருளில் வைப்ரேட்டோ (தானாக வரும் சுருதி நடுக்கம்) போட்டு ஒரு தோடி வரியை வீணை கற்ற அக்காவிடம் கேட்கக் கொடுத்தேன். "டேய், ஊஞ்சல் மாதிரி ரெண்டு பக்கமும் சமமா ஆடுது. தோடி காந்தாரம் அப்படி ஆடாது. மேல மத்தியமத்தைத் தொட்டுட்டு இறங்கி, கீழ கொஞ்சம் நிக்கணும்" என்றாள். அன்றோடு வைப்ரேட்டோவை விட்டேன். ஏறுவதற்கு க்யூ, இறங்குவதற்கு ஆர் என்ற எஃபெக்ட்டுகளை வரிக்கு வரி கையால் எழுதுகிறேன். வேலை அதிகம், ஆனால் முதல்முறையாகக் காந்தாரம் காந்தாரமாகக் கேட்டது.

அப்புறம்தான் சிப்பின் குணம் பிடிபட்டது. பல்ஸ் சேனலின் சுருதி 11 பிட் எண்ணாகப் பதிவாகிறது. எண் குறைந்தால் சுவரம் ஏறும். 440 ஹெர்ட்ஸுக்கு எண் ஏறத்தாழ 253. அந்த இடத்தில் ஒரு அரைச்சுவரத்துக்குள் சுமார் 14 படிகள். இரண்டு ஸ்தாயி மேலே போனால் நாலு படிகூட தேறாது, கமகம் (சுவரத்தின் அசைவு) துண்டு துண்டாகிவிடும். இன்னொன்று: எண் 256-ஐத் தாண்டும்போது மேல் பைட் (எண்ணின் மேல்பகுதி) மாறுகிறது. அதை எழுதினால் அலை முதலிலிருந்து தொடங்கி, 'டிக்' என்று ஒரு சத்தம். 253-க்கும் 256-க்கும் மூன்றே படி. ஆறு கட்டையில் (சட்ஜம் 440 ஹெர்ட்ஸ்) சட்ஜத்தை லேசாக அசைத்தாலே டிக், டிக்.

எண் 256-லிருந்து 511 வரை, அதாவது ஏறத்தாழ 218 முதல் 435 ஹெர்ட்ஸ் வரை, அந்தத் தொல்லை கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு கட்டைக்கு இறக்கிவிட்டேன். சட்ஜம் 262 ஹெர்ட்ஸ், தைவதம் 415. காந்தாரம் ஆடும் ரிஷபம்–மத்தியம இடைவெளியில் 80 படிக்கு மேல் கிடைக்கிறது. இழைத்துக்கொண்டு போகிறது, கேட்கவே ஆசையாக இருக்கிறது!

இரண்டாவது பல்ஸில் வழக்கமான எக்கோவை எடுத்துவிட்டேன். அசையும் சுவரத்துக்குப் பின்னால் அதே சுவரம் அசைந்து வந்தால் இரண்டும் மோதிக் கலங்குகிறது. இப்போது அங்கே வெறும் சட்ஜம்தான்.

மேல் நிஷாதம் 466 ஹெர்ட்ஸ், எல்லைக்கு வெளியே. நேராகப் பிடிக்கிற இடங்களில் பல்ஸிலேயே விடுகிறேன், ஒற்றை டிக் புதிதாக ஊதியது போலத்தான் கேட்கிறது. அசைக்க வேண்டிய இடங்களில் முக்கோணத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். அதில் மேல் பைட் மாறினாலும் அலை அறுவதில்லை. ஒலியளவைத்தான் கூட்டிக் குறைக்க முடியாது, அதற்கேற்ப பல்ஸைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.