வாத்தியம் இல்லாத செசிலியம்மாள்

எங்கள் பங்குக் கோவிலில் பாடகர் குழு கூடும் அறையில் புனித செசிலியம்மாள் படம் ஒன்று உண்டு. ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருப்பார். விரல்கள் கட்டைகள்மேல் இருக்கும், கண்கள் மட்டும் வானத்தைப் பார்க்கும். நவம்பர் 22 அவர் திருநாள். அன்று படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் பாடத் தொடங்குவோம். பாடுகிறவர்களுக்கு அவர்தானே பாதுகாவலி! தங்கையோடு உரோமைக்குத் திருப்பயணம் போக வாய்த்தபோது, பேதுரு பேராலயத்துக்கு அடுத்தபடி நான் ஆசைப்பட்டது அவர் இருந்த இடத்தைப் பார்க்கத்தான். குழுவில் 14 பேரும் தங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் கல்லறைக்குப் போனோம். 118ஆம் எண் பேருந்து ஆப்பியன் சாலையில் புனித கலிஸ்து சுரங்கக் கல்லறைக்குப் போகிறது. உள்ளே தனியாக நடக்க விடுவதில்லை. வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் இறங்க வேண்டும். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டருக்குச் சுரங்கம். வெளியே வெயில் கொளுத்தியது, படி இறங்க இறங்க உடம்பு சில்லிட்டது. 3ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) பலரை அடக்கம் செய்த அறையைத் தாண்டியதுமே அடுத்த அறை செசிலியம்மாளுடையது. சுவரில் கைகளை விரித்துச் செபிக்கும் அவருடைய பழைய ஓவியம். கீழே, உடல் இருந்த குழியில் ஒரு வெள்ளைச் சுரூபம். அது நகல்தான், அசல் அவருடைய கோவிலில் இருக்கிறது என்றார் வழிகாட்டி.

மதியத்துக்கு மேல் டைபர் ஆற்றைக் கடந்து டிராஸ்தேவெரே பகுதிக்குப் போனோம். கோவிலுக்கு முன்னால் ஒரு முற்றம். ரோஜாச் செடிகள், நடுவில் பழங்காலக் கல்தொட்டியில் நீர் விழுந்துகொண்டிருந்தது. செசிலியம்மாள் வாழ்ந்த வீட்டின்மேல்தான் இந்தக் கோவில் எழுந்தது என்பது காலங்காலமான நம்பிக்கை.

அவர் கதை 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதில் எவ்வளவு வரலாறு என்று அறிஞர்கள் ஆராயட்டும். நான் சின்ன வயதில் கேட்டபடியே சொல்கிறேன். உரோமையின் பெரிய குடும்பத்துப் பெண். மனசுக்குள் தன்னை ஆண்டவருக்குக் கொடுத்தாயிற்று. வீட்டாரோ வலேரியன் என்ற இளைஞருக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். முதல் இரவில், "என்னை ஒரு வானதூதர் காவல் காக்கிறார்" என்று கணவரிடம் சொல்கிறார். "நானும் பார்க்க வேண்டும்" என்கிறார் அவர். திருத்தந்தை உர்பானிடம் போய்த் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பியபோது, ரோஜாவும் லீலியும் தொடுத்த இரண்டு மலர்க் கிரீடங்களோடு தூதர் நிற்கிறார். அப்புறம் வலேரியனின் தம்பி திபூர்சியுவும் மனம் மாறுகிறார். கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களை அடக்கம் செய்ததற்காக அண்ணன் தம்பி இருவரும் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து வேதசாட்சிகளானார்கள்.

செசிலியம்மாளை அவர் வீட்டு வெந்நீர் அறையிலேயே பூட்டி நெருப்பை மூட்டினார்கள். ஒரு பகல், ஓர் இரவு. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கொலையாளி கழுத்தில் மூன்று முறை வெட்டினான். நான்காவது வெட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. மூன்று நாள் உயிரோடு கிடந்து, உள்ளதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்து, வீட்டைக் கோவிலாக்கும்படி கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அந்த வெந்நீர் அறை என்று காட்டும் சிற்றாலயத்தில் பழைய நீராவிக் குழாய்களைப் பார்த்தபோது என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

821இல் திருத்தந்தை முதலாம் பாஸ்கால் அவருடைய உடலைச் சுரங்கத்திலிருந்து இங்கே கொண்டுவந்து கோவிலைப் புதிதாகக் கட்டினார். பீடத்துக்குப் பின்னால் அந்தக் காலத்து மொசைக் இன்னும் மின்னுகிறது. அதில் செசிலியம்மாள் அந்தத் திருத்தந்தையின் தோளில் கைபோட்டு நிற்கிறார், வீட்டுப் பிள்ளையை ஆண்டவரிடம் அழைத்துப் போவதுபோல. 1599இல் கர்தினால் ஸ்ஃபோன்ட்ராட்டி பேழையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்ததாம். அடுத்த ஆண்டு இளம் சிற்பி ஸ்டெஃபானோ மடெர்னோ அதைச் சலவைக் கல்லில் வடித்தார். தான் கண்டபடியே செதுக்கியதாகத் தரையில் லத்தீனில் பொறித்திருக்கிறது.

பீடத்துக்குக் கீழே அந்தச் சுரூபம். பக்கவாட்டில், தூங்குகிற சின்னப் பெண் மாதிரி. முகம் நமக்குத் தெரியாது, திரும்பித் துணிக்குள் மறைந்திருக்கிறது. கழுத்தில் வெட்டுக் கோடு. ஒரு கையில் மூன்று விரல், மறு கையில் ஒரு விரல் நீண்டிருக்கின்றன: தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுள் என்ற அறிக்கை. நான் ஆர்கனைத் தேடினேன். எந்த வாத்தியமும் இல்லை.

அந்தப் பழைய கதையில் அவர் எதையும் வாசிக்கவே இல்லை. கல்யாண வீட்டில் வாத்தியங்கள் முழங்க, அவர் தம் இதயத்தில் ஆண்டவருக்கு மட்டுமே பாடினார் என்று இருக்கிறது. திருநாள் செபத்துக்காக அந்த வரியைச் சுருக்கியபோது 'இதயத்தில்' என்ற சொல் விடுபட்டது. வாத்தியத்தோடு பாடினார் என்று அர்த்தமாகி, ஓவியர்கள் அவர் கையில் ஆர்கனைக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் சுருதி, தாளம், மைக் என்று ஓடி ஓடிப் பாடிய எனக்கு அந்த விடுபட்ட சொல் தொண்டையை அடைத்தது. திருப்பலியில் நற்கருணை மன்றாட்டில் ஆக்னஸ், செசிலியா என்று பெயர்கள் வரும்போது, அடுத்த பாட்டின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நான்.

அங்கே பாட வேண்டும் என்று ஒரு பாட்டு எடுத்து வைத்திருந்தேன். பாடவில்லை. தாளைப் பிரித்து, முழந்தாளிட்டு, 14 பெயரையும் வாய் திறக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடித்துவிட்டு எழுந்தபோது கால் மரத்திருந்தது. தங்கை முற்றத்தில் தொட்டியருகே எனக்காகக் காத்திருந்தாள்.