முள் கீறிய கண்ணும் ஊருணித் தண்ணீரும்

சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கண்ணில் முள் கீறுவது எங்கள் பக்கத்தில் புதிதன்று. சென்ற கோடையில் என் சித்தப்பாவுக்கும் அப்படிக் கீறியது. அவர் ஊருணியில் இறங்கி இரு கையாலும் தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவிவிட்டு மறுபடியும் அரிவாளை எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், காயத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு வலித்தது. முதலில் காட்டிய இடத்தில் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று என்று மருந்து கொடுத்தார்கள். மதுரையில் கருவிழியைச் சுரண்டிச் சோதித்த பிறகே அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் அமீபாவின் வேலை என்று தெரிந்தது.

மண்ணிலும் தண்ணீரிலும் பாக்டீரியாவை மேய்ந்து திரியும் இந்த உயிருக்கு மனித உடல் தேவையே இல்லை. ஆனால் கருவிழியில் கீறல் இருந்தால், மேற்பரப்பிலுள்ள மானோஸ் சர்க்கரையைத் தன் புரதம் ஒன்றால் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. மருந்து பட்டதும் கூடுகட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் அந்தக் கூட்டைப் பார்த்தேன்: வெளிச்சுவர் சுருக்கம் விழுந்தும், உள்சுவர் நட்சத்திரம்போல முனைமுனையாகவும் இருந்தது. பருத்தி நூலில் உள்ள அதே செல்லுலோஸ் அந்தச் சுவரிலும் இருந்து மருந்தை எளிதில் உள்ளே விடாததால்தான், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிச் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடவேண்டியிருக்கிறது.

உருவத்தைக் கொண்டு அகாந்தமீபாவை இனம் பிரிப்பது நம்பகமானதன்று என்பதால், 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ என்ற மரபணுவின் வரிசையை ஒப்பிட்டு இருபதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கண்ணைத் தாக்குவதில் பெரும்பான்மை டி4 வகையே. 2013இல் வெளியான முழு மரபணுத்தொகுப்பில் பாக்டீரியாவிடமிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களும் காணப்பட்டன. மேய்ந்த இரையின் மரபணுவையே சொத்தாக்கிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

செய்தித்தாள்கள் 'மூளையைத் தின்னும் அமீபா' என்று எழுதுவது வேறொன்றை. 1965இல் ஆஸ்திரேலியாவில் ஃபவுலர், கார்ட்டர் என்ற மருத்துவர்கள் விவரித்த நோய்க்குக் காரணமான நெக்லேரியா, மூக்கின் வழியே மூளைக்கு ஏறுவது. பெயரளவில் மட்டுமே அமீபா, வம்சத்தில் யூக்ளினா என்ற, சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச்செல் உயிருக்கு நெருக்கமானது.

ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் முழுக்குப் போடலாமா என்று சின்னம்மா கேட்டார்கள். நெக்லேரியா கடலின் உப்பில் பிழைக்காது என்றேன். அகாந்தமீபாவைக் கடல்நீரிலிருந்தும் பிரித்தெடுத்திருக்கிறார்கள் என்பதால், சித்தப்பா மட்டும் இந்த ஆண்டு கரையிலேயே உட்கார்ந்து தர்ப்பணம் கொடுத்தார்.