இரட்சணியக் கொம்பு: சகரியாவின் கண்ணில் பட்ட கொம்பு எது?

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம், 69-ஆம் வசனத்தில் ‘இரட்சணியக் கொம்பு’ என்றொரு சொற்றொடர் வருகிறது. சிறு வயதில் அதை யாராவது வாசிக்கக் கேட்கும்போதெல்லாம் என் மனக்கண்ணில் ஒரு மாட்டின் தலைதான் வந்து நிற்கும். மீட்பருக்கும் கொம்புக்கும் என்ன தொடர்பு என்று பெரியவர்களிடம் கேட்டால், “வல்லமை என்று அர்த்தம்” என ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இக்காலத் தமிழ் வேதாகமமான திருவிவிலியம் அந்த விடையையே மொழிபெயர்ப்பாக்கி, ‘வல்லமை உடைய மீட்பர்’ என்று எழுதியிருக்கிறது. வாசிப்பவருக்கு அது எளிதாகப் புரிகிறது என்பது உண்மை; ஆனால் கொம்பு காணாமல் போய்விட்டது. கொம்போடு சேர்ந்து வேறு எதெல்லாம் போய்விட்டது என்பதைத்தான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர்கள் சொன்னதில் தவறில்லை. காளையின் பலம் கழுத்திலும் திமிலிலும் இருந்தாலும், அது தலையைத் தாழ்த்தி முட்ட வரும்போது அத்தனை பலமும் இரண்டு கொம்பு நுனிகளில் வந்து கூடுகிறது. எபிரெயர் ‘கெரென்’ என்ற சொல்லால் விலங்கின் கொம்பையும் மனிதனின் வலிமையையும் மேன்மையையும் குறித்தது இதனால்தான். பிள்ளையில்லாமல் ஏளனப்பட்ட அன்னாள், சாமுவேலைப் பெற்ற பின் தன் கொம்பு கர்த்தருக்குள் உயர்ந்திருக்கிறது என்று பாடுகிறாள். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின் கைக்குத் தப்பிய தாவீது, 18-ஆம் சங்கீதத்தில் கன்மலை, கோட்டை, கேடகம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, ‘என் இரட்சணியக் கொம்பு’ என்று கர்த்தரை அழைக்கிறான். நமக்கும் இந்த உருவகம் அந்நியமானதல்ல. “உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?” என்று நாம் கேட்பதில்லையா? 75-ஆம் சங்கீதமும் துன்மார்க்கரைப் பார்த்து, கொம்பை உயர்த்தாதிருங்கள் என்றுதான் எச்சரிக்கிறது.

ஆனால் லூக்காவில் இந்தச் சொல்லைச் சொல்பவர் தாவீதைப் போல ஒரு போர்வீரர் அல்லர். சகரியா என்னும், எருசலேம் தேவாலயத்தில் பலியும் தூபமும் செலுத்தும் வயது முதிர்ந்த ஆசாரியர். அவர் வாழ்நாளெல்லாம் புழங்கிய அந்த இடத்தில் வேறொரு கொம்பும் இருந்தது: பலிபீடத்தின் கொம்பு.

யாத்திராகமம் 27-ஆம் அதிகாரத்தின்படி, பலிகளை எரிக்கும் தகனபலிபீடம் 5 முழ நீளமும் 5 முழ அகலமும் 3 முழ உயரமும் உடையது. அதன் 4 மூலைகளிலும் 4 கொம்புகள், தனியே செய்து ஒட்டப்படாமல், பீடத்தோடு ஒன்றாகவே எழுந்து நிற்க வேண்டும். இப்படிப்பட்ட கல் பீடம் ஒன்றின் துண்டுகள் 1973-இல் பெயெர்செபா அகழாய்வில் கிடைத்தன. யாரோ அந்தப் பீடத்தைப் பிரித்து, அதன் கற்களை ஒரு பண்டகசாலையின் சுவரில் வைத்துக் கட்டியிருந்தார்கள். மூலைக்கற்களில் மேல்நோக்கி எழும் கொம்புகளை இன்றும் தெளிவாகப் பார்க்கலாம். உள்ளே இருந்த தூபபீடத்துக்கும் கொம்புகள் உண்டு. பாவநிவாரணபலியின் இரத்தத்தில் ஆசாரியன் தன் விரலைத் தோய்த்து அந்தக் கொம்புகளின் மேல்தான் பூசுவான். பாவம் செய்தவன் சாதாரண மனிதனானால் வெளியே இருக்கும் தகனபலிபீடத்தின் கொம்புகளில், ஆசாரியனோ சபை முழுவதுமோ ஆனால் உள்ளே இருக்கும் தூபபீடத்தின் கொம்புகளில் என்று லேவியராகமம் 4-ஆம் அதிகாரம் பிரித்துச் சொல்கிறது.

உயிருக்குப் பயந்தவர்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டதும் இந்தக் கொம்புகளைத்தான். தாவீதின் மகன் சாலொமோன் அரியணை ஏறியதும், அந்த அரியணைக்கு ஆசைப்பட்ட அவன் அண்ணன் அதோனியா ஓடிப்போய்ப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்தான். அன்றைக்குப் பிழைத்தான், பின்னர் சாலொமோனின் கட்டளையாலேயே கொல்லப்பட்டான். தாவீதின் படைத்தலைவன் யோவாபும் அதே கொம்புகளைப் பிடித்தான். ஆனால் அப்னேர், அமாசா என்னும் இரு படைத்தலைவர்களை வஞ்சகமாகக் கொன்ற இரத்தப்பழி அவன்மேல் இருந்ததால், பீடத்தருகிலேயே வெட்டுண்டான். துணிந்து கொலைசெய்தவனுக்குப் பலிபீடமும் புகலிடமாகாது என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். கொம்பைப் பிடித்த கையில் இருந்த கறையைக் கழுவ அந்தக் கொம்பால் முடியவில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

இனி சகரியாவிடம் வருவோம். அவருக்குத் தூபங்காட்டச் சீட்டு விழுந்த நாளில், தேவதூதன் தூபபீடத்தின் வலதுபக்கத்தில் நின்றான் என்று லூக்கா இடத்தைக் குறிப்பிட்டே எழுதுகிறார். முதுமையில் அவருக்கு ஒரு மகன் பிறப்பான் என்று தூதன் சொன்னதை, அந்தப் பீடத்தின் எதிரே நின்றபடிதான் சகரியா நம்பாமல் கேள்வி கேட்டார், அங்கேயே ஊமையானார். பிள்ளை பிறந்து எட்டாம் நாளில் பெயரிடும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நாவு கட்டவிழ்ந்ததும் அவர் பாடிய பாட்டின் தொடக்கத்திலேயே கொம்பு வருகிறது. அது காளையின் கொம்பு மட்டுமே என்று என்னால் நம்ப முடியவில்லை. தாவீதின் சங்கீதத்தை அடியொற்றிய சொல் என்பதே உரையாசிரியர்களின் பொதுவான விளக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பீடத்தின் முன் பேச்சிழந்த ஓர் ஆசாரியர், பேச்சு திரும்பியவுடன் ‘கொம்பு’ என்று சொல்லும்போது, இரத்தம் பூசப்பட்ட அந்த நான்கு மூலைகளை நினையாமல் சொல்லியிருப்பாரா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கொம்பு ‘தாவீதின் வம்சத்திலே’ எழும்புகிறது என்கிறார் சகரியா. அவரோ லேவி கோத்திரத்தார்; தாவீதின் வம்சத்தார் அல்லர். முதுமையில், தவமிருந்து பெற்ற ஒரே மகன் பக்கத்தில் இருக்க, அந்தத் தகப்பன் முதலில் பாடுவது இன்னும் மரியாளின் வயிற்றில் இருக்கும் வேறொரு குழந்தையான இயேசுவைப் பற்றி. ‘நீயோ பாலகனே’ என்று தன் மகன் பக்கம் அவர் திரும்புவது 76-ஆம் வசனத்தில்தான்.

இரட்சிப்பின் பொருள் நகர்வதும் அங்கேதான். 71-ஆம் வசனத்தில் இரட்சிப்பு என்பது சத்துருக்களிடமிருந்தும் பகைக்கிறவர்களின் கைகளிலிருந்தும் விடுதலை. 77-ஆம் வசனத்தில் அது பாவமன்னிப்பு. முட்டித் தள்ளும் கொம்பில் தொடங்கிய பாட்டு, இரத்தம் பூசிய கொம்பில் வந்து நிற்கிறது. உடன்பிறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் நான் கழித்த இரண்டு ஆண்டுகளில், 18-ஆம் சங்கீதத்தைச் சொல்லி ஜெபிக்காத நாள் கிடையாது. என் ஜெபமெல்லாம் 71-ஆம் வசனத்தோடு நின்றிருந்தது. கர்த்தர் என் பக்கம் நின்று முட்ட வேண்டும் என்பதே என் வேண்டுதல். யோவாபின் கதையை ஒருநாள் மறுபடி வாசித்தபோது, கொம்பைப் பிடித்திருக்கும் என் கையை நானே பார்க்க நேர்ந்தது. அதற்குப் பிறகுதான் 77-ஆம் வசனம் என் காதில் விழுந்தது.

வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் இந்த இரண்டு கொம்பும் ஓரிடத்தில் சேருகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 5-ஆம் அதிகாரத்தில், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறது என்று மூப்பரில் ஒருவர் சொல்லக் கேட்டு, தரிசனத்தில் அழுதுகொண்டிருந்த, அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் நிமிர்ந்து பார்க்கிறார். சிங்காசனத்தின் நடுவே அவர் காண்பது ஓர் ஆட்டுக்குட்டியை. அது அடிக்கப்பட்ட வண்ணமாய் நிற்கிறது. அதற்கு ஏழு கொம்புகள் இருக்கின்றன.