ஏழு கேள்விக்குறிகள்

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். வெங்காயம், பருப்பு, சீனி மூட்டைகளின் கணக்கு. பல வருடமாக எக்செல்லில் இலக்கம் தட்டுகிற எனக்கு, கணினிக்கு நானே சொல்லி ஒரு வேலையைச் செய்விக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. காசு கட்டி ஒரு வகுப்புக்குப் போனேன். பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னார்கள், ஏன் அப்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று கிழமையில் நிறுத்திவிட்டு, வெள்ளவத்தையில் வீட்டிலேயே, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகத் தொடங்கினேன்.

எடுத்தது ஜாவா என்ற நிரல்மொழி. 21ஆம் பதிப்பை ஸிப் ஆக இறக்கி விரித்து, நோட்பேடில் ஐந்து வரி எழுதினேன். திரையில் ‘வணக்கம்’ என்று தமிழில் வர வேண்டும், அவ்வளவுதான் நிரல்.

முதல் இரவு அந்த ஐந்து வரியை ஜாவா பார்க்கவே இல்லை. எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிற ‘ஜாவாசி’ கட்டளையைத் தட்டினால், அப்படியொரு கட்டளை இல்லை என்று கட்டளை தட்டுகிற கறுப்புத் திரை சொன்னது. ஸிப்பை விரித்தால் மட்டும் போதாது, அதற்குள் இருக்கும் ‘பின்’ ஃபோல்டரின் முகவரியை விண்டோஸ் கட்டளைகளைத் தேடுகிற ‘பாத்’ என்ற பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். அதே பதில். முன்பே திறந்திருந்த கறுப்புத் திரை பழைய ‘பாத்’தையே வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறந்ததும் கட்டளை வேலை செய்தது. ஆனால் கோப்பைக் காணவில்லை என்றது. நோட்பேட் பெயரின் பின்னால் ‘டொட் டிஎக்ஸ்டி’ என்று ஒட்டியிருந்தது. விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் அதே யோசனைதான்.

இரண்டாம் இரவு ஒரேயொரு பிழை: மூன்றாம் வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. போட்டேன். உடனே புதிதாக இன்னொன்று: அதே வரியில் நான் எழுதிய ‘சிஸ்டம்’ என்ற தொகுப்பு, அதாவது ஆயத்த நிரல்களின் கட்டு, இல்லையாம். மனம் சோர்ந்துவிட்டது. ஒன்றைத் திருத்தி இன்னொன்றைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மேல்மாடியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அங்கிள், நீங்கள் ஒண்டும் கெடுக்கேல்லை. இந்தப் பிழை முதலே இருந்தது. ஜாவா முதல்ல இலக்கணம் சரியோ எண்டு பாக்கும். அது சரியெண்டாத்தான் பேர்களைத் தேடப் போகும். இப்ப ரெண்டாம் படிக்கு வந்திட்டீங்கள்.”

“அப்ப இந்தத் தொகுப்பை எங்கயிருந்து எடுக்கிறது, பிள்ளை?”

“ஒண்டும் எடுக்கத் தேவையில்லை. எஸ் பெரிசா வரவேணும். சின்ன எஸ் போட்டா ஜாவாக்கு அது வேற பேர்.”

அந்த ஒரு விளக்கத்துக்காக அவளுக்கு நான் என்றும் நன்றியுடையவன். வகுப்பில் மூன்று கிழமையாகப் பிழைச் செய்தி வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்களே தவிர, அதை வாசிக்கச் சொல்லவில்லை. வரி இலக்கம், கீழே இடத்தைக் காட்டும் சிறு கூர்க்குறி, எல்லாம் அதில் இருக்கிறது. காரணம் சில நேரம் சுற்றிவளைத்து வரும். சின்ன எஸ்ஸுக்குத் தொகுப்பு இல்லை என்றது போல. இடம் மட்டும் சரியாகவே இருந்தது.

எஸ்ஸை மாற்றினேன். பிழை எதுவும் வரவில்லை. ‘கிளாஸ்’ என்று முடியும் புதிய கோப்பு ஒன்று வந்திருந்தது. ஓடவிடும்போது அந்த முடிவையும் சேர்த்துத் தட்டியதால் ஒரு தடவை மறுத்தது. வெறும் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

ஏழு கேள்விக்குறிகள் வந்தன.

நிரல் ஓடியிருக்கிறது, தமிழ்தான் வரவில்லை. நெடுநேரம் அந்தக் கேள்விக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வ, ண, க், க, ம். ஐந்து எழுத்துக்கு ஏன் ஏழு? விரல் விட்டு எண்ணியபோது பிடிபட்டது: எழுத்துகளுக்குக் கணினியில் இலக்கம் கொடுக்கும் யூனிகோட் முறையில் புள்ளி தனியாக எண்ணப்படுகிறது. இரண்டு மெய்யெழுத்து, இரண்டு புள்ளி. ஆகவே என் சொல் ஒரு புள்ளியும் குறையாமல் ஜாவாவுக்குள் இருந்திருக்கிறது. அதை வெளியே காட்டும் திரைதான் தமிழை அறியாத பழைய எழுத்துப் பட்டியலில் நின்றிருக்கிறது. திரையை யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுகிற கட்டளை ‘சிஎச்சிபி 65001’. அதைத் தட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டேன்.

வணக்கம்.

புள்ளிகள் எழுத்தின் மேல் சரியாக உட்காராமல் சற்று விலகி நின்றன. ஆனாலும் அது நான் எழுதிய சொல். நேரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். சொல்லின் நீளம் எவ்வளவு என்று ஜாவாவையே கேட்க இன்னொரு வரி சேர்த்தேன். 7 என்றது.

இப்போது மூட்டைக் கணக்குக்கு வந்திருக்கிறேன். 125 கிலோ பருப்பை 50 கிலோ மூட்டையாகப் பிரிக்கச் சொன்னால் 2 என்று விடை வந்தது. இரண்டும் முழு எண்ணாக இருந்தால் மிச்சத்தை விட்டுவிடுகிறது. 50ஐ 50.0 என்று மாற்றினேன். 2.5 வந்தது.